வேலூரில் டிவி, ஏசி, மொபைல் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தோட்டப்பாளையத்தில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கி, இன்று விற்பனையும் சர்வீஸும் சேர்ந்து நடக்கிற சிறிய கடை எங்களுடையது. முப்பது ஆண்டுகளாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லி வருகிறேன். முன்பெல்லாம் வருகிறவர்கள் "இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இப்போது முதல் கேள்வியே "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பதாக இருக்கிறது. இந்த மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. அதனால்தான் கடையில் வாயால் சொல்லி வந்ததை எழுதி வைக்கிறேன்.

நாடு முழுவதும் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் என்னதான் மாறிக்கொண்டிருக்கிறது?

ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு திசையில் போகிறது. ஸ்மார்ட்போன் விற்பனை எண்ணிக்கையில் தேங்கிவிட்டது. 2021-இல் நாட்டில் ஏறக்குறைய 16 கோடி விற்றன. 2024-இல் 15 கோடிதான். ஆனால் ஒரு போனின் சராசரி விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மக்கள் ஒரே போனை அதிக நாள் வைத்திருக்கிறார்கள்; மாற்றும்போது ஒரு படி மேலே வாங்குகிறார்கள்.

ஏசி கதை வேறு. இந்தியாவில் பெரும்பாலான வீடுகளில் இன்னும் ஏசி இல்லை. அதனால் வெயில் கடுமையாக இருக்கும் ஆண்டில் விற்பனை எகிறும். 2024 கோடையில் அப்படித்தான் நடந்தது. 2025 கோடையில் பல மாநிலங்களில் மழை முன்னதாகவே வந்து குறுக்கிட, கிடங்குகளில் சரக்கு தேங்கியது. டிவியில் அளவு பெரிதாகிறது; 32 அங்குலம் கேட்டவர் 43 கேட்கிறார், 43 வைத்திருப்பவர் 55 கேட்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது கடன். தவணை வந்த பிறகுதான் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட பொருள்கள் சிறிய ஊர்களில் இவ்வளவு வேகமாக நகரத் தொடங்கின. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து வருகிற வாரக்கூலிக் குடும்பமும் இன்று பெரிய டிவியின் முன் நின்று யோசிக்க முடிகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பொருளின் உண்மை விலை ஒட்டியிருக்கும் சீட்டில் இல்லை. தவணையிலும் மின்கட்டணத்திலும் சர்வீஸிலும் பரவிக் கிடக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும்.

ஜிஎஸ்டி பத்து சதவீதம் குறைந்தது என்றார்கள். என் பில்லில் பத்து சதவீதம் குறையவில்லையே, கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

இல்லை, கணக்கே அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி சேர்த்து 128 ரூபாயாக இருந்த பொருள் 118 ரூபாய் ஆகிறது. அதாவது நீங்கள் கொடுத்து வந்த தொகையில் நூற்றுக்கு ஏழே முக்கால் ரூபாய்தான் குறையும்.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டும் 2018 ஜூலையிலேயே 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன; அவற்றில் புதிதாக எதுவும் குறையவில்லை. மொபைலுக்கு 2020 ஏப்ரலில் 12-லிருந்து 18 ஆக ஏற்றினார்கள். அது அப்படியே நிற்கிறது. "ஜிஎஸ்டி குறைப்புத் தள்ளுபடி" என்று பிரிட்ஜ் மீது எழுதி ஒட்டியிருந்தால், அது கடையோ கம்பெனியோ தருகிற சாதாரணத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் வெயிலுக்கு மூன்று நட்சத்திர ஏசி போதுமா, ஐந்து நட்சத்திரமா?

எங்கள் கடையில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பதில் உங்கள் வீட்டில் ஏசி எத்தனை மணிநேரம் ஓடும் என்பதில் இருக்கிறது.

ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டு மின்செலவு யூனிட்டில் எழுதியிருக்கும். அது ஆண்டுக்கு 1,600 மணிநேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. நாளைக்கு 8 மணிநேரம் என்றால் 200 நாள். மலைகள் சூழ்ந்த இந்த ஊரில் மார்ச்சில் தொடங்கும் சூடு, கத்திரி முடிந்தாலும் விடுவதில்லை. புழுக்கம் அக்டோபர் வரை இருக்கிறது. முதியவர்களோ கைக்குழந்தையோ இருக்கிற வீட்டில் 200 நாள் என்பது சர்வ சாதாரணம்.

இரண்டு லேபிள்களுக்கும் ஆண்டுக்கு 200 யூனிட் வித்தியாசம், விலையில் 7,500 ரூபாய் வித்தியாசம், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,600 ரூபாய் மிச்சம். ஐந்து ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். ஏப்ரல், மே, ஜூன் இரவுகளில் மட்டும் ஓட்டுகிறவருக்கு 720 மணிநேரம்தான் வரும். மிச்சம் 90 யூனிட். அவருக்குப் பணம் திரும்பப் பத்து ஆண்டு ஆகும். அவர் மூன்று நட்சத்திரமே வாங்கட்டும். கூடுதல் விலைப் பொருளை விற்றால் எனக்கு லாபம் அதிகம்தான். ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

நம் மாநில மின்கட்டணத்தில் ஒரு மேடு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறைப்படி, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலையும் இரட்டிப்பாகிவிடுகிறது. 490 யூனிட் ஓட்டியவருக்கும் 510 யூனிட் ஓட்டியவருக்கும் பில்லில் இருக்கும் இடைவெளி பலரைத் திடுக்கிட வைக்கிறது. உங்கள் வீடு இந்த மேட்டின் விளிம்பில் நிற்கிறது என்றால், அந்தக் கூடுதல் இரண்டு நட்சத்திரங்கள் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் பணத்தைத் திருப்பித் தரும். பழைய மின்கட்டணச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

லேபிளில் எந்த ஆண்டின் அளவுகோல் என்பதையும் பாருங்கள். 2022 ஜூலையிலும் 2026 ஜனவரியிலும் ஏசிக்கான அளவுகோலைக் கடுமையாக்கினார்கள். பழைய சரக்கின் ஐந்து நட்சத்திரமும் புதிய சரக்கின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வாடிக்கையாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தோல் பதனிடும் ஆலைகளுக்கும் கழிவுநீர் ஓடைகளுக்கும் அருகில் உள்ள வீடுகளில் ஏசியின் உலோகச் சுருள், அதாவது காயில், சீக்கிரம் அரித்து, காஸ் கசிவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பூச்சு போட்ட காயில் உள்ள மாடலைக் கேளுங்கள். காயிலுக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஏசி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. வேறு வழி?

பழைய மின்விசிறியை மாற்றுங்கள். சாதாரண விசிறி 70 முதல் 80 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்கிற மின்சிக்கன மோட்டார் விசிறி 30 வாட் அளவில் ஓடும். இரவு பகலாக விசிறி சுழல்கிற நம் ஊரில் இது பெரிய மிச்சம். இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருக்கும் வீட்டில் மின்தடையின்போது விசிறி கூடுதல் நேரம் ஓடும். 2023 ஜனவரி முதல் சீலிங் விசிறிக்கும் நட்சத்திர லேபிள் கட்டாயம். லேபிள் இல்லாததை வாங்காதீர்கள்.

நம் ஊர்ப் பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் செய்கிற போன்தானே, நமக்கே ஏன் இந்த விலை?

இதைக் கேட்டவர் ஒரு தாய். அவருடைய மகள் அங்கே அசெம்பிளி வரிசையில் வேலை பார்க்கிறாள். நியாயமான கேள்வி.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. அப்போது வேலை இழந்து, எங்கள் கடையில் சில மாதம் போன் பழுதுபார்த்த இளைஞர்கள் உண்டு. பிறகு 2020-இல் மத்திய அரசு உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆலைகள் மீண்டும் பெருகின. 2024-25-இல் தமிழ்நாட்டின் எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டிலேயே முதலிடம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இவ்வளவு நடந்திருக்கிறது.

ஆனால் போனுக்குள் இருக்கும் சிப், மெமரி, திரை ஆகியவற்றில் பெரும்பகுதி இன்னும் கப்பலிலும் விமானத்திலும்தான் வருகிறது. கோத்துச் சேர்ப்பது இங்கே. கோக்கப்படும் மணிகள் வெளியிலிருந்து. அவற்றுக்கு டாலரில் பணம் கொடுக்க வேண்டும். அந்த டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. அதோடு 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, போனுக்கும் லேப்டாப்புக்கும் கிடைக்கிற மெமரி அருகி, விலை ஏறியது. அடி அதிகம் விழுவது பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் போன்களுக்குத்தான். மெமரியின் பங்கு அவற்றின் விலையில் பெரியது.

முழுதாக இறக்குமதியாகும் போன் மீதான சுங்கவரியை 2024 ஜூலையில் 20-லிருந்து 15 சதவீதமாகக் குறைத்தார்கள். உதிரிபாகங்களை இங்கேயே செய்வதற்கென்று 22,919 கோடி ரூபாய் திட்டம் ஒன்று 2025-இல் வந்தது. அது பலன் தரும் என்று மனதார நம்புகிறேன். ஆனால் இந்த ஆண்டு கல்லூரி சேரும் பிள்ளைக்கு அதைக் காத்திருந்து வாங்க முடியாது.

அப்படியானால் பழைய போன் வாங்கலாமா?

வாங்கலாம், சரிபார்த்து. காட்பாடியில் பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பு முடிந்து போகும்போது விற்கிற போன்களும் லேப்டாப்புகளும் நல்ல நிலையில் இருப்பதைப் பார்க்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கும் வடகிழக்கு, வங்காள மாநிலத்துக் குடும்பங்கள் பலவும் நடுவில் போன் உடைந்து பழைய போன் தேடி வருகின்றன. சிகிச்சைக்கு வைத்திருக்கும் பணத்தில் புதுப் போன் வாங்க அவர்களுக்கு மனம் வராது. அவர்களிடம் திருட்டுப் போனைத் தலையில் கட்டுவது பாவம்.

*#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடம் விட்டு அந்த எண்ணைத் தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அது முடக்கப்பட்ட போனா, எந்த மாடல் என்ற விவரம் வரும். 2023 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். விற்பவரின் கையெழுத்துடன் ஒரு சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கம்பெனி இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தரும் என்று பாருங்கள். சில கம்பெனிகள் உயர்விலை மாடல்களுக்கு ஏழு ஆண்டு வரை தருகின்றன. அப்டேட் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கு வைப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகை வைப்பது போல.

"வட்டியில்லாத் தவணை" என்கிறார்களே, உண்மையிலேயே வட்டி இல்லையா?

வட்டி இல்லாத கடன் கிடையாது. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காது, அல்லது கம்பெனியே வட்டியைக் கட்டிவிட்டு அதை விலையில் ஏற்றியிருக்கும்.

24,000 ரூபாய் போன், பன்னிரண்டு மாதம், மாதம் 2,000. ரொக்கத்துக்கு 22,200-க்குத் தருகிறார்கள் என்று வைப்போம். நடைமுறைக் கட்டணம் 300. நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 2,100 ரூபாய். மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய்தான் உங்கள் கையில் இருந்திருக்கும். அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி பதினேழு சதவீதத்தைத் தாண்டுகிறது.

சரி, தெரிந்தே கட்டுகிறேன் என்றால் தவறில்லை. தவணை இல்லாமல் பிரிட்ஜ் வாங்க முடியாத வீடுகளை எனக்குத் தெரியும். 2024 அக்டோபர் முதல் இத்தகைய கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாள் தர வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். என் சொந்தக்காரர் ஒருவர் படிக்காமல் கைவிரல் வைத்துவிட்டு, கேட்காத காப்பீட்டுக்கும் சேர்த்து இரண்டு ஆண்டு கட்டினார். முதல் கேள்வியாக "ரொக்க விலை என்ன?" என்று கேளுங்கள், தவணைப் பேச்சு அதற்குப் பிறகு.

டிவி இவ்வளவு மலிவாகிவிட்டதே, தைரியமாக வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதன் ஆயுளைத் தெரிந்துகொண்டு. 2006-க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவிகள் எங்கள் கடைக்கு நூற்றுக்கணக்கில் வந்தன. கெப்பாசிட்டர் போயிருக்கும், எல்.ஓ.டி. என்கிற டிரான்ஸ்பார்மர் போயிருக்கும். சில நூறு ரூபாயில் சரிசெய்து, சைக்கிள் கேரியரில் கட்டி அனுப்புவோம். இன்றைய டிவியில் பேனல் போனால் அதன் விலை ஏறக்குறைய டிவியின் விலை. பேனல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவதால், அந்த மாடல் நின்றுவிட்டால் உதிரியும் நின்றுவிடும்.

ஆகவே அங்குலத்தைவிட, பேனலுக்கு எத்தனை ஆண்டு வாரண்டி, வேலூரிலேயே சர்வீஸ் உண்டா, ஆள் சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பவற்றைக் கேளுங்கள். பத்தடி அறையில் 55 அங்குலம் எதற்கு என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

மகள் கல்யாணத்துக்குச் சீர்வரிசை எடுக்க வேண்டும். மொத்தமாக எடுத்தால் நல்லதா?

மொத்தமாக எடுத்தால் விலை குறையும். ஆனால் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே எடுத்து அட்டைப்பெட்டியோடு வைத்துவிடுகிறார்கள். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பெண் குடிபோகும் ஊரிலேயே டெலிவரி கேளுங்கள். பில்லில் அவள் பெயரும் எண்ணும் இருக்கட்டும். நாளை பழுதானால் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், ஒரே உப்பு. எந்த வாஷிங் மெஷின்?

பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரின் கதை நாட்டுக்கே தெரியும். தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தண்ணீர்தான் இன்றும் பல வீட்டுக் குழாயில் வருகிறது. முன்பக்கம் திறக்கும் மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் மேல் சுண்ணாம்புப் பொருக்கு படியும்; டிரம் தாங்கியும் அரிக்கும். துணி நன்றாக வெளுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மாதம் ஒருமுறை பொருக்கு நீக்கும் தூள் போட்டு ஓட்டும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத வீட்டுக்கு மேல்பக்கம் திறக்கும் மெஷின், அல்லது செமி ஆட்டோமேட்டிக். குழாயில் அழுத்தம் இல்லாத நாளில் வாளியால் ஊற்றிக்கூடத் துவைக்கலாம்.

ஆன்லைனில் வாங்கினால் பிறகு யாரிடம் சண்டை போடுவது?

இந்தப் பயம் இப்போது அவ்வளவாகத் தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் எங்கோ இருந்தாலும் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துப் பாருங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

கடையில் வாங்கினால் முகம் பார்த்துப் பேசலாம் என்பது பெரிய வசதி. நான் கடைக்காரன், அப்படித்தான் சொல்வேன். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் கடையில் வாங்குங்கள். பல ஆயிரம் என்றால் உங்கள் பணம், உங்கள் விருப்பம்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா, காயலான் கடைக்கா?

ஓடுகிற நிலையில் இருந்தால் எக்ஸ்சேஞ்ச். ஓடாததைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால், கேபிளை எரித்துச் செம்பு எடுப்பார்கள். போர்டை அமிலத்தில் போடுவார்கள். ஏற்கெனவே ஓர் ஆற்றை இழந்த ஊர் நாம். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, உற்பத்தி செய்யும் கம்பெனிகளே ஒரு குறிப்பிட்ட விகிதத்தை மறுசுழற்சிக்கு அனுப்பக் கடமைப்பட்டவை. அதனால் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்து, எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

என் மகன் ஐ.டி.ஐ. சேரப் போகிறான், அண்ணா. பழுதுபார்க்கும் தொழிலுக்கு இனி எதிர்காலம் உண்டா?

டிவியும் மிக்ஸியும் மட்டும் பார்க்கத் தெரிந்தால் கஷ்டம். நான் தொழில் பழகியபோது உடனிருந்த ஏழு பேரில் இன்று தொழிலில் இருப்பது இருவர். பேனலையும் போர்டையும் முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். சர்க்யூட் வரைபடம் வெளியே கிடைப்பதில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் தொடங்கியது. எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று மதிப்பெண் போடும் முறை பற்றி ஒரு குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. நட்சத்திர லேபிளைப் போல அந்த மதிப்பெண்ணும் பெட்டி மேல் கட்டாயம் வர வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் ஏசியில் ஆள் பற்றாக்குறை. மார்ச் முதல் ஜூன் வரை எங்கள் கடையில் இரண்டு நாள் காத்திருந்தால்தான் ஆள் வருவார். புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடிய வாயு. ஆர்-290 இன்னும் வேகமாகப் பற்றும். காஸை முறையாக வெளியேற்றாமல் குழாயைப் பற்றவைத்து ஒட்டப் போனால் உயிருக்கே ஆபத்து. கேள்வி ஞானத்தில் இதைச் செய்கிறவர்கள் ஊரில் நிறைய. படித்துச் செய்கிறவர்கள் குறைவு. ஐ.டி.ஐ.யில் குளிர்பதனமும் ஏர்கண்டிஷனிங்கும் சொல்லித்தரும் இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது, அதில் சேருங்கள். சேர்ந்த பிறகு சனிக்கிழமை மாலைகளில் கடைக்கு அனுப்பி வையுங்கள். மல்டிமீட்டர் பிடிப்பதிலிருந்து நான் சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம்.